பறி என்று ஒரு வார்த்தை

அக்காவுக்கு,

அன்புள்ள என்று போட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டுமாம். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு அது தெரியாது என்று நினைக்க வேண்டாம். தெரிந்தேதான் போடவில்லை. நலமா என்றும் கேட்கப் போவதில்லை. நலமில்லாமல்தான் மகன் வீட்டில் படுத்திருக்கிறீர்கள். தெரிந்துகொண்டே கேட்பது நடிப்பு. எனக்கு நடிப்பு வராது. வந்திருந்தால் இந்த வீட்டில் இன்னும் நல்ல பெயரோடு வாழ்ந்திருப்பேன்.

என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். உங்கள் மருமகள்தான் படித்துக் காட்டுவாள். அம்மா மருமகளே, ஒரு வரியையும் விழுங்காமல் படி. அவர்களுக்குக் கோபம் வரும் என்று தெரிகிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே. அங்கேதான் சத்தமாகப் படிக்க வேண்டும்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு நாம் இருவரும் ஒரே வாசலுக்குள் வந்தவர்கள். மாமனார் போன பிறகு கூடத்தின் நடுவில் சுவர் எழும்பியது, வீடு இரண்டானது. அதற்கப்புறம் பேச்சும் நின்றது. நின்று எவ்வளவு காலம் என்று உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. அன்று என் கடைசிப் பெண் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. இன்று அவள் பெண் கல்லூரிக்குப் போகிறாள்.

போன வாரம் உங்கள் மகன் வந்தான். இரும்பு அலமாரியையும் தையல் மெஷினையும் மெத்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். மெத்தையைத் தட்டியபோது எழுந்த தூசு என் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. நீங்கள் இருந்திருந்தால் அந்தத் தூசுக்கே ஒரு சண்டை நடந்திருக்கும். ஏண்டா, அம்மா திரும்பி வந்து எதில் படுப்பாள் என்று கேட்டேன். அவன் வண்டிக் கயிற்றை இழுத்துக் கட்டினான். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் சித்தி" என்றான். சாவியை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் போகவில்லை. போக எனக்கு என்ன வேலை?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சமையலறைச் சுவர் நமக்குப் பொதுச் சுவர். உங்கள் பக்கம் பாத்திரம் விழுந்தால் என் பக்கம் தம்ளர் ஆடும். காலையில் உங்கள் இருமல் கேட்டுத்தான் எனக்கு விடியும். இப்போது எனக்கு எப்போது விடிகிறது என்றே தெரியவில்லை. இதை உங்கள் மீது பாசத்தில் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிகாரம் நின்றுவிட்டது என்று சொல்வதில்லையா, அப்படித்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தக்காளி.

ஊரெல்லாம் காய் பறித்துக்கொண்டிருந்த காலத்தில் நீங்கள் நாற்று நட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவும் வரவுமாகக் காலம் தள்ளிப்போய்விட்டது. மகன் உங்களை வண்டியில் ஏற்றுவதற்கு முந்தின நாள்கூட மண்ணில் மண்டி போட்டு, மூச்சு வாங்கி வாங்கி, ஒவ்வொரு செடிக்கும் குச்சி நட்டுப் பழைய சேலைக் கிழிசலால் கட்டினீர்கள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஊரைவிட்டுப் போகிறவளுக்கு இது என்ன வேலை, பருவம் தப்பியதை யார் தின்னப் போகிறார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இப்போது பாருங்கள். எல்லார் வீட்டுச் செடியும் கருகி, பிடுங்கி, குப்பையில் கிடக்கிறது. வெயில் வந்தாலும் சூடு இல்லை. மேகம் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது. இந்த மலைக் குளிரில் உங்கள் செடிகள் மட்டும் வெட்கமில்லாமல் காய்த்துத் தள்ளுகின்றன. கீழ்க் கிளையில் சிவப்பு, நடுவில் மஞ்சள், உச்சியில் பச்சை. யாருக்குமில்லாமல் பழுத்து விழுகின்றன. விழுந்ததை எறும்பு தின்கிறது, தொங்குவதைக் குருவி கொத்துகிறது.

தண்ணீர் நான்தான் விடுகிறேன். என் பக்கத்திலிருந்தே ரப்பர் குழாயைப் பிடித்துச் சுவருக்கு மேலே பீய்ச்சுகிறேன். தண்ணீர் என்னுடையது, மண் உங்களுடையது. கை எங்கும் படவில்லை. அதில் நான் சுத்தமாக இருக்கிறேன்.

உங்கள் மருமகள் போன் செய்தாள். நீங்கள் ஒன்றும் சாப்பிடுவதில்லையாம். மருந்து ஏறியதிலிருந்து எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறதாம். "நம்ம செடித் தக்காளி இருந்தா ஒரு வாய் தின்பேன்னு சொன்னாங்க, சின்னத்தை. கடைத் தக்காளி வாங்கிக் கொடுத்தேன், துப்பிட்டாங்க" என்று அழுதாள். அழாதே, அவர்கள் துப்புவது புதிதில்லை என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டு வெள்ளையடிக்கிறவனைக் கூப்பிட்டேன். நெட்டையாக இருப்பானே, நாம் கொக்கு என்போமே, அவனைத்தான். நாம் என்று எழுதிவிட்டேன். தனித்தனியாகச் சொன்னாலும் இரண்டு பேரும் அவனைக் கொக்கு என்றுதான் சொன்னோம்.

அவன் பறித்த லட்சணத்தைக் கேளுங்கள். மாட்டைக் கறக்கிற மாதிரி இழுத்தான். ஒரு செடி வேரோடு சாய்ந்தது. கனிந்து தொங்கியதையெல்லாம் ஒரே பையில் போட்டான். "ஏன் பாட்டி, நீங்கதான் பக்கத்திலயே நிக்கிறீங்களே, நீங்களே பறிக்கலாமே" என்றான். பறிக்கக்கூடாதுடா, சத்தியம் என்றேன். சுண்ணாம்பு வாளி கவிழ்கிற மாதிரி சிரித்தான். அந்தப் பை உங்களிடம் வந்து சேர்ந்த கதை உங்களுக்கே தெரியும். "பை வந்துச்சு, சின்னத்தை. தக்காளி சாறா வந்துச்சு" என்றாள் மருமகள். கொக்கு இப்போது வேறு ஊரில் பெரிய கட்டட வேலைக்குப் போய்விட்டான். பனி முடிந்துதான் வருவான்.

ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்கி வர வேண்டிய தக்காளியை எப்படிப் பறிப்பது என்று எனக்குத் தெரியும். நீங்கள் பறிப்பதை எத்தனையோ வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அடியில் மட்டும் நிறம் ஏறத் தொடங்கியதும், காம்பின் முட்டியில் கட்டைவிரலை வைத்து ஒரு மடக்கு. இழுக்கக்கூடாது. காம்போடு வரும். பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, நடுவில் ஒரு சிவப்பை வைத்து, பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவீர்கள். அந்த ஒரு சிவப்பைப் பார்த்துப் பார்த்து மற்றதெல்லாம் பழுக்கும்.

தெரிந்து என்ன செய்ய? கை வைக்கக்கூடாதே.

அந்த நாளை நீங்கள் மறந்திருக்கலாம். அதனால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரரின் பஸ் பணிமனை மேலாளரும் அவர் மனைவியும் முதல்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். அந்த அம்மாள் நீலப் பூப்போட்ட புடவை கட்டியிருந்தாள். இலைச்சாறு பட்ட காலி முறத்தோடு நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். "எத்தனைடீ தின்ன? தினம் தினம் குறையுதே, கணக்கு தெரியாதவள்னு நினைச்சியா?" என்றீர்கள். நான் எடுக்கவில்லை அக்கா என்றேன். "கையை நீட்டு" என்றீர்கள். தக்காளிச் செடியைத் தொட்ட கையில் அந்த வாடை போகாதே, அதற்காக. விருந்தாளிகள் முன்னால் என் கையைப் பிடித்து மோந்து பார்த்தீர்கள். வெங்காயம் நறுக்கிய கை. வெங்காய வாடைதான் அடித்தது. அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கெட்டிக்காரி, வெங்காயத்தைத் தேய்ச்சு மறைச்சிருக்கா" என்றீர்கள். மேலாளர் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

அப்போதுதான் சொன்னேன். "இனிமே உங்க செடியில என் கை பட்டா இந்தக் கை அழுகிப் போகட்டும்." நீங்கள் திரும்பிப் போகும்போது சொன்னது இதுதான். "நானா என் வாயால பறின்னு சொல்ற வரைக்கும் கிட்ட வராதே." சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

நான் எடுக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றே தெரியும். சொல்ல மாட்டேன். இல்லாதவர்களைப் பற்றிப் பேசுவது என் வழக்கமில்லை.

ஆகவே உங்கள் வாயால் பறி என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. உங்களுக்கு வராததை எதற்குக் கேட்க வேண்டும்? பறி என்றால் போதும். அடுத்த பஸ்ஸிலேயே பெட்டி ஏறும்.

எதையாவது சாப்பிடுங்கள். பட்டினி கிடந்து என்னை ஜெயித்துவிட முடியாது.

இப்படிக்கு,
திருடாத சின்னவள்


அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது என்று மருமகள் சொன்னாள். முழுதும் படித்துக் காட்டினாளாம். என்ன சொன்னாள் உன் மாமியார் என்று கேட்டேன். "கேட்டுட்டே இருந்தாங்க, சின்னத்தை. கொக்கு பறிச்ச இடத்துல லேசா சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க" என்றாள். பறி என்றாளா என்றேன். இல்லையாம்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது உங்களுக்குப் பழக்கம்தானே. ஆனால் அங்கே சுவருக்கு அந்தப்புறம் நான் இல்லை. யாரோ முகம் தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே நிலைமை சரியில்லை. காற்று மாறிவிட்டது. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் விரலைக் கடிக்கிறது. இலை ஓரம் கறுக்கிறது. நான் அதிகமாகத் தண்ணீர் விட்டுவிட்டேன் போலிருக்கிறது, சில பழங்கள் உதடு வெடித்த மாதிரி பிளந்துவிட்டன. நீங்கள் இருந்தால் இதற்கும் என்னைத்தான் திட்டுவீர்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் திட்டலாம்.

நேற்று உங்கள் மகன் இன்னொரு முறை வந்தான். தனியாக வரவில்லை. வீட்டுத் தரகர் ஒருவர் கூட வந்தார், சட்டைக்குள் தலையணை வைத்த மாதிரி வயிறு. கொல்லையில் நாடா பிடித்து அளந்தார்கள். தரகர் நேராக உங்கள் தக்காளிப் பாத்தியில் பூட்ஸ் காலோடு இறங்கி நின்று, "இதையெல்லாம் வழிச்சுட்டா தாராளமா கார் நிறுத்தலாம்" என்றார். நான் என் பக்கம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். குழாய்க்குக் கண் கிடையாது. அவர் முழங்கால்வரை நனைந்து, துள்ளி வெளியே வந்தார். "என்ன பாட்டி இது?" என்றார். வயசாயிடுச்சு தம்பி, கை நடுங்குது என்றேன். என் கை நடுங்காது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மகன் சுவரோரம் வந்தான். "சித்தி, அம்மா இனிமே இங்க வந்து என்ன பண்ணப் போறாங்க?" என்று மெதுவாகக் கேட்டான். தக்காளி பறிக்கப் போறா என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. நல்ல பையன்தான். உங்கள் வயிற்றில் பிறந்து எப்படி இவ்வளவு சாதுவாக இருக்கிறான் என்று எனக்குப் பல வருட சந்தேகம். சாவியைக் கொடுங்க சித்தி என்றான். தேடிப் பார்க்கணும் என்றேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. இருக்கிறது.

அவன் இன்னொன்றும் சொன்னான். டாக்டர்கள் இனி மருந்து ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நீங்கள் என்ன கேட்கிறீர்களோ அதைக் கொடுக்கலாம் என்றார்களாம். உங்களுக்கு இது தெரியாது என்று நினைத்துக்கொண்டு சொன்னான். உங்களுக்கா தெரியாது? சுவருக்கு இந்தப்புறம் நான் உப்பு டப்பாவைத் திறந்தாலே தெரிந்துகொள்கிறவர் நீங்கள். ஆகையால் நான் மறைக்கவில்லை. மருமகளே, இந்த இடத்தையும் படி.

உங்கள் வாய் திறக்கவில்லை. அதனால் நான் திறக்கிறேன். கேளுங்கள்.

அந்த வருடமும் இப்படித்தான் பருவம் முடிகிற நேரம். பெரியவருக்கு, அதாவது உங்கள் வீட்டுக்காரருக்கு, சிறுநீரகம் கெட்டுப்போய் உப்பு ஆகாது, தக்காளி ஆகாது, தண்ணீர்கூட அளந்துதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீங்கள் தினமும் தக்காளியை எண்ணி வைத்தது கஞ்சத்தனத்தால் என்று ஊர் நினைத்தது. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போன பிறகு, மத்தியானத்தில், அவர் கொல்லைக்கு வருவார். உயரமான மனிதர், செடிக்குப் பின்னால் குனிந்து நிற்பார். நன்றாகச் சிவந்ததாகப் பார்த்து ஒன்று பறிப்பார். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுப்பார். உப்பு. தக்காளியைக் கடித்து, கடித்த இடத்தில் உப்பைத் தூவி, கண்ணை மூடிக்கொண்டு தின்பார். முகவாயில் சாறு வழியும். சின்னப் பிள்ளைகூட அப்படித் தின்று நான் பார்த்ததில்லை.

ஒருநாள் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டார். விரலை உதட்டில் வைத்தார். சுவரோரம் வந்து, "நாக்கே செத்துப் போச்சும்மா. எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருக்கு. இது ஒண்ணுதான் தெரியுது. அவகிட்ட சொல்லிடாதே" என்றார். அவர் என்னிடம் அதற்கு முன்னால் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

நான் சொல்லவில்லை. நீங்கள் என் கையை மோந்து பார்த்தபோதும் சொல்லவில்லை. அவர் அப்போது உங்கள் வீட்டு ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பனிக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். அதற்கப்புறம் எந்த வாயால் சொல்வது? சொன்னால் தக்காளிதான் கொன்றது என்று நினைத்துச் செடியையெல்லாம் வெட்டிப் போட்டிருப்பீர்கள். ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்திருப்பீர்கள். சரி, திருடி என்ற பெயர்தானே, என்னிடமே இருக்கட்டும் என்று விட்டேன். செய்தது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்.

ஆனால் அந்தப் பெயரோடு நீங்கள் போய்விடக்கூடாது. போவதாக இருந்தால் என்னை நிரபராதி என்று தெரிந்துகொண்டு போங்கள்.

எழுதி முடித்துப் பார்த்தால் கை வலிக்கிறது. தபால் பெட்டி தெருமுனையில். நான் யோசிக்கத் தொடங்கினால் போட மாட்டேன். அதனால் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சின்னவள்


அக்காவுக்கு,

மத்தியானம் போன் அடித்தது. மருமகள்தான் என்று எடுத்தேன். யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் வந்தது. பிறகு இருமல். அந்த இருமலைச் சந்தையில் ஆயிரம் பேர் நடுவில் கேட்டாலும் எனக்குத் தெரியும்.

நீங்கள் சொன்னது இரண்டே வாக்கியம்.

"பறிடீ."

அதற்கப்புறம் மறுபடியும் மூச்சு. நான் சரி என்றேனா, அக்கா என்றேனா, ஒன்றுமே சொல்லவில்லையா, அதுமட்டும் எனக்கு ஞாபகமில்லை. எனக்கு ஞாபகமில்லாத ஒரு விஷயம் என்று இனிமேல் இதைச் சொல்லலாம்.

"அவர் சட்டையை நான்தானேடீ துவைச்சேன்."

போன் கை மாறியது. "களைச்சுட்டாங்க, சின்னத்தை. அப்புறம் கூப்பிடறேன்" என்றாள் மருமகள்.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. சட்டை துவைத்தார்களாம், இதை எதற்கு இப்போது சொல்கிறார்கள், மருந்து மயக்கமோ என்றுதான் முதலில் நினைத்தேன். வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. சட்டைப் பை. பையில் உப்பு. துவைக்கிறவள் கைக்கு அகப்படாமல் உப்பு எங்கே போகும்? அவர் கையில் அடித்த செடி வாடை, கூடப் படுத்தவளுக்குத் தெரியாமல் எங்கே போகும்?

அப்படியென்றால் அன்றே உங்களுக்குத் தெரியும். முறத்தோடு என் வாசலுக்கு வந்தபோதே தெரியும். என் கையை மோந்தபோதே தெரியும், அந்தக் கையில் ஒன்றும் இருக்காது என்று!

அக்கா, எனக்கு வந்த கோபத்தை எழுத மூன்றாம் வகுப்புப் படிப்பு போதாது. நானாவது வெளியே சொல்லாமல் ஒன்றை வைத்திருந்தேன். நீங்கள் வைத்திருந்ததைப் பாருங்கள்! நீலப் பூப் புடவைக்காரி சிரித்தாளே, அவள் முன்னால் என்னைத் திருடியாக்கினீர்களே. என் வீட்டுக்காரர் சாகும்வரை, "நீ ஒண்ணு ரெண்டு எடுத்திருந்தாலும் பரவாயில்ல, விடு" என்று என்னைச் சமாதானப்படுத்தினாரே. எத்தனை நல்லது கெட்டதுக்கு நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம். என் பெரியவனுக்குக் காய்ச்சல் முற்றியபோது சுவரைத் தட்டலாமா என்று கையை வைத்து, தட்டாமல் எடுத்தேன். அதெல்லாம் எதற்காக?

கொல்லையில் போய் நின்று உங்கள் பக்கம் பார்த்து நிஜமாகவே திட்டினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. திட்டித் திட்டித் தொண்டை வறண்டபோது ஒன்று புரிந்தது. அவரைப் பார்த்துக் கத்த உங்களால் முடியாது. நாளை இருப்பாரா என்று தெரியாத மனிதரை என்ன சொல்லிக் கத்துவது? தின்னாதே என்றால் இருக்கிற அந்த ஒரு ருசியும் போய்விடும். தின்னு என்றும் சொல்ல வாய் வராது. இடி எங்கேயாவது விழுந்துதானே ஆக வேண்டும். பக்கத்திலேயே நான் இருந்தேன். விழுந்தாலும் சாகாத மரம் என்று பார்த்து விழுந்தீர்கள்.

அன்று அவர் காதில் கேட்கத்தான் கத்தினீர்களோ? திருடி அவள்தான், உன்னை நான் சந்தேகப்படவில்லை, நீ தின்னு என்று அவருக்குச் சொன்னீர்களோ? கேட்க வேண்டும். இதையெல்லாம் உங்களிடம் கேட்க வேண்டும்.

நாளை விடிவதற்குள் உறைபனி விழும் என்று ரேடியோ சொன்னது. பனி பட்டால் தக்காளி வெந்ததுபோல் ஆகிவிடும். ஆகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியை எடுத்து, உங்கள் வாசல் வழியாகப் போனேன். சுவர் எழும்பிய பிறகு உங்கள் பகுதிக்குள் சரியாகப் பார்த்து நடந்தது இன்றுதான். மெஷின் இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது. சமையலறையில் பொதுச் சுவரோரம் உங்கள் நாற்காலி. அதை மட்டும் மகன் எடுத்துப் போகவில்லை. என் அடுப்பு மேடை அந்தப்புறம் நேராக இருக்கிறது. நான் எங்கே நின்று சமைக்கிறேனோ அங்கேதான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கொல்லைக் கதவு திறக்கவில்லை, தோளால் இடித்தேன்.

முதல் தக்காளியில் கை வைக்கப் போகும்போது விரல் நின்றது. சத்தியத்துக்கு இவ்வளவு வலு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பறிடீ என்று உங்கள் குரலில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். காம்பின் முட்டியில் கட்டைவிரலை வைத்து மடக்கினேன். வந்துவிட்டது. குளிர்ந்து, கனத்து, உள்ளங்கையில் உட்கார்ந்தது.

அந்த முதல் ஒன்றை நான் தின்றேன். மறைக்க மாட்டேன். திருடி என்ற பெயருக்கு இத்தனை காலம் கழித்து ஒன்றாவது தின்ன வேண்டாமா? அவர் நின்ற இடத்திலேயே நின்றேன். உப்பு எடுத்துப் போயிருந்தேன், காகிதத்தில் மடித்து. கடித்ததும் பல் கூசியது, அவ்வளவு குளிர். தோல் தடிப்பாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிற கோடைத் தக்காளியின் தளதளப்பு இல்லை. ஆனால் ருசி! புளிப்பு முதலில் வந்து, போகிற நேரத்தில் இனிப்பு வந்து நின்றது. கடைசிக் காய்ப்பு அப்படித்தான் இருக்கும் என்று மாமனார் சொல்வார். கண்ணை மூடினேன். அவர் ஏன் மூடினார் என்று தெரிந்தது. சாறு முழங்கைவரை ஓடியது. அழுதேனா என்று கேட்க வேண்டாம். தின்றேன்.

பிறகு எல்லாவற்றையும் பறித்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு, கோலிக்குண்டு மாதிரி இருந்ததையும் விடவில்லை. நீங்கள் கட்டிய சேலைக் கிழிசல்களை அவிழ்த்து மடித்து வைத்திருக்கிறேன். செடிகள் வெறுமையாக நிற்கின்றன. இந்த நேரத்துக்கே வானம் சாம்பலாகிவிட்டது.

நாளைக் காலைப் பஸ்ஸில் பெட்டி வருகிறது. ஓட்டுநர் என் வீட்டுக்காரரிடம் தொழில் பழகியவன், தன் இருக்கைக்குப் பின்னால் வைத்துப் பிள்ளை மாதிரி கொண்டுவருவதாகச் சொன்னான். இந்தக் கடிதமும் பெட்டிக்குள்தான் இருக்கும். மருமகளே, கவனமாகக் கேள். பிரிட்ஜில் வைக்காதே, ருசி செத்துவிடும். செய்தித்தாளைப் பிரிக்காதே. அவர்கள் படுத்திருக்கும் கட்டிலுக்கு அடியில் தள்ளு, வாடை மேலே வரட்டும். நடுவில் துண்டில் சுற்றி ஒரு சிவப்பு இருக்கிறது. அதை மட்டும் பெட்டி வந்தவுடனே நறுக்கிக் கொடு. ஒரு சிட்டிகை உப்பு போடு. டாக்டர் என்ன சொன்னாலும் போடு. முழுதும் முடியாவிட்டால் நாக்கில் சாற்றை மட்டும் விடு. இரும்பு ருசி போகிறதா என்று எனக்குப் போன் செய்.

அக்கா, நான் எழுதிய இந்தக் காகிதத்தை மூக்குக்கிட்டே கொண்டுவரச் சொல்லுங்கள். கையைச் சோப்புப் போட்டும் கழுவினேன், எலுமிச்சம்பழம் போட்டும் தேய்த்தேன். பச்சையும் போகவில்லை, வாடையும் போகவில்லை. இந்த முறை வெங்காயம் இல்லை. நன்றாக மோந்து பாருங்கள்.

கை இன்னும் அழுகவில்லை. அழுகுகிறதா இல்லையா என்று நீங்கள்தான் வந்து பார்க்க வேண்டும்.

நமக்குள் இருக்கிற சண்டை இன்றுதான் நிஜமாகத் தொடங்கியிருக்கிறது. இதுவரை போட்டது பொய்ச் சண்டை. இதைக் கடிதத்தில் போட முடியாது, போனிலும் முடியாது. நேரில் உட்கார்ந்து போட வேண்டும். உங்கள் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். தரகரிடம் சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

கடைசி ஒன்று. நான் தின்ற தக்காளியின் விதைகளைக் காகிதத்தில் தடவி ஜன்னலில் காயவைத்திருக்கிறேன். அவை உங்கள் விதைகள். பனி போய் மண் இளகியதும் விதைக்க வேண்டும். நான் விதைக்க மாட்டேன். நீங்கள் இந்தக் கொல்லையில் வந்து நின்று உங்கள் வாயால் விதை என்று சொல்வதற்குள் இனி இந்தக் கை அந்த விதைகளைத் தொட்டால் அழுகிப் போகட்டும். சத்தியம்.

என் சத்தியம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் திருடி